பழைய சொலாரிஸ் சர்வரில் ரூட் கடவுச்சொல் தொலைந்தால்: முழுமையான வழிகாட்டி

சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஸ்பார்க் (அந்த நிறுவனத்தின் சொந்தச் செயலி வகை) சர்வர்களுக்கு ஆயுசு கெட்டி. 2010-இல் ஆரக்கிள் அந்த நிறுவனத்தை வாங்கிய பிறகும், சன்னின் யூனிக்ஸ் இயங்குதளமான சொலாரிஸின் 8, 9, 10 பதிப்புகள் பதிந்த பெட்டிகள் ஏதோ ஒரு பழைய மென்பொருளுக்காக எங்கோ ஓர் அறையில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அமைத்தவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார். கடவுச்சொல் எழுதி வைத்த நோட்டையும் காணோம். டிஸ்க் நிரம்பி ஏதாவது நின்றுபோகும் நாளில்தான் ரூட் (எல்லா அதிகாரமும் கொண்ட நிர்வாகக் கணக்கு) கடவுச்சொல் யாருக்கும் தெரியாது என்பது தெரியவரும்.

கடவுச்சொல்லை மாற்றுவது இதில் சின்ன வேலைதான். அதைச் செய்யும்போது டிஸ்கில் இருக்கும் தரவுக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. அதனால் இங்கே கடவுச்சொல்லைவிட, டிஸ்கில் ஃபைல்கள் அடுக்கப்பட்டிருக்கும் அமைப்பான ஃபைல் சிஸ்டத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்கள். உங்கள் பொறுப்பில் உள்ள இயந்திரத்தில் மட்டுமே இதைச் செய்யுங்கள். அலுவலகச் சர்வர் என்றால் மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், சேவை நிற்கும் நேரத்தையும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். அடுத்தது, கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களில் தனியே சொல்கிறேன்.

உண்மையிலேயே தொலைந்துவிட்டதா?

டெல்நெட் வழியாக ரூட்டாக நுழையும்போது 'நாட் ஆன் சிஸ்டம் கன்சோல்' (கன்சோல் என்பது இயந்திரத்தோடு நேரடியாக இணைந்த திரை அல்லது சீரியல் டெர்மினல்) என்று செய்தி வந்தால், நீங்கள் தட்டிய கடவுச்சொல் சரியானதுதான். '/ஈடிசி/டிஃபால்ட்/லாகின்' ஃபைலில் உள்ள கன்சோல் என்ற வரிதான் உங்களைத் தடுக்கிறது. சாதாரணப் பயனராக நுழைந்து ரூட்டாக மாறும் 'எஸ்யூ' கட்டளையைக் கொடுத்தால் வேலை முடிந்தது. எஸ்எஸ்எச்சிலும் ரூட் லாகினை மட்டும் அடைத்து வைத்திருக்கலாம்.

இயந்திரத்தை நிறுத்தாமல் முடிக்க வேறு வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். யாராவது கன்சோலில் ரூட்டாக நுழைந்து வெளியேறாமல் விட்டிருக்கலாம். சாதாரணப் பயனருக்கு ரூட் அதிகாரம் தரும் 'சுடோ' நிறுவியிருக்கலாம். '/ஈடிசி/பாஸ்வேர்டு' ஃபைலை (அதன் உண்மைப் பெயரில் உயிரெழுத்து ஒன்றுதான், 'ஏ') யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதில் பயனர் எண் 0 கொண்ட இன்னொரு கணக்கு இருந்தால் அதுவும் ரூட்தான். இப்படி எந்த வழியில் ரூட் அதிகாரம் கிடைத்தாலும் 'பாஸ்வேர்டு ரூட்' என்ற கட்டளை போதும், பழைய கடவுச்சொல்லைக் கேட்காது.

சொலாரிஸ் 10-இன் ஸோன் (ஒரே இயந்திரத்துக்குள் தனியாக ஓடும் சொலாரிஸ்) ஒன்றுக்குள் மட்டும் கடவுச்சொல் தொலைந்திருந்தால் இன்னும் எளிது. குளோபல் ஸோனில், அதாவது முதன்மைச் சொலாரிஸில், ரூட்டாக இருந்துகொண்டு 'இஸட்லாகின்' கட்டளையுடன் அந்த ஸோனின் பெயரைக் கொடுங்கள். கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விடும். அங்கேயே மாற்றிவிடலாம், எதையும் நிறுத்த வேண்டியதில்லை.

பழைய கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க முடியாதா?

இது பலரும் கேட்பது. '/ஈடிசி/ஷேடோ' ஃபைலில் கடவுச்சொல் அப்படியே இருப்பதில்லை, அதிலிருந்து ஒருவழியாகக் கணக்கிட்ட ஹாஷ்தான் இருக்கிறது. பழைய யூனிக்ஸ் முறையில் அது 13 எழுத்துகள்: முதல் 2 எழுத்து சால்ட் (கணக்கில் கலக்கும் தற்செயல் எழுத்துகள்), மீதி 11 கணக்கின் விடை. ராபர்ட் மோரிஸும், யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனும் 1979-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கிய முறை இது. டிஇஎஸ் குறியாக்கத்தை 25 முறை திரும்பத் திரும்ப ஓட்டி விடையை எடுக்கிறார்கள்.

இன்றைய கணினிகளால் இதை உடைக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். கென் தாம்சனின் சொந்தக் கடவுச்சொல்லே, பழைய பிஎஸ்டி (யூனிக்ஸின் ஒரு வகை) மூலநிரலோடு சேர்ந்து வந்த ஃபைலில் ஹாஷாக இருந்து, 2019-இல் உடைந்தது. அது ஒரு சதுரங்க நகர்வு: ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துவது. ஆனால் அதற்கே வேகமான கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நான்கு நாட்களுக்கு மேல் ஓட வேண்டியிருந்தது. தவிர, ஷேடோ ஃபைலைப் படிக்கவே ரூட் அதிகாரம் வேண்டும். அது கிடைத்துவிட்டால் பழையதைத் தேட என்ன அவசியம்? மாற்றிவிட்டே போகலாம்.

இங்கே பயன்படும் தகவல் இன்னொன்றும் உண்டு. அந்தப் பழைய முறை கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளை மட்டுமே கணக்கில் எடுக்கும். நீங்கள் 15 எழுத்தில் புதிதாக வைத்தாலும் ஒன்பதாவது எழுத்திலிருந்து வீண். புதியதைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த எட்டுக்குள்ளேயே எண்ணும் குறியீடும் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இயந்திரத்தை நிறுத்தும் முன்

பதற்றத்தில் பவர் கேபிளைப் பிடுங்குபவர்கள் அதிகம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சாதாரணப் பயனராக நுழைய முடிந்தால் முதலில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: '/ஈடிசி/ரிலீஸ்' ஃபைலில் இருக்கும் சொலாரிஸ் பதிப்பு, 'டிஎஃப் -கே' காட்டும் விவரம், '/ஈடிசி/விஎஃப்எஸ்டேப்' ஃபைலில் ரூட் ஃபைல் சிஸ்டம் (இயங்குதளம் இருக்கும் பகுதி, ரூட் கணக்கு அல்ல) எந்த டிஸ்கில் இருக்கிறது என்ற வரி. இவற்றைப் படிக்க ரூட் அதிகாரம் தேவையில்லை.

அந்த வரியில் இருக்கும் பெயர்தான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 'சி0டி0டி0எஸ்0' போல இருந்தால் அது நேரடி டிஸ்க். கன்ட்ரோலர், டார்கெட், டிஸ்க், ஸ்லைஸ் ஆகிய நான்கு சொற்களின் ஆங்கில முதலெழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் எண். '/டெவ்/எம்டி/' என்று தொடங்கினால் டிஸ்குகள் மிரரில் (ஒரே தரவை இரண்டு டிஸ்கிலும் எழுதும் அமைப்பில்) இருக்கின்றன. அப்படி இருந்தால் கீழே மிரர் பற்றிய பகுதியைப் படிக்காமல் கையை வைக்காதீர்கள்.

பிறகு சேவைகளை நிறுத்துங்கள். ரூட் இல்லாவிட்டாலும் டேட்டாபேஸை அதன் சொந்தக் கணக்கில் நுழைந்து முறையாக நிறுத்த முடியும். டேட்டாபேஸ் நின்று, பயனர்கள் வெளியேறி, டிஸ்க் விளக்கு அடங்கிய பிறகு இயந்திரத்தை நிறுத்தினால் ஆபத்து பெருமளவு குறையும்.

ஓகே ப்ராம்ப்டுக்குப் போவது

சொலாரிஸுக்கு அடியில் இருக்கும் ஓபன்பூட் என்ற அடிப்படை மென்பொருள் கட்டளைக்குக் காத்திருக்கும் இடம்தான் ஓகே ப்ராம்ப்ட். சன் விசைப்பலகை இருந்தால் ஸ்டாப் விசையையும் ஏ விசையையும் சேர்த்து அழுத்துங்கள். சீரியல் கேபிளில் இருந்தால் பிரேக் சிக்னல் அனுப்ப வேண்டும். உங்கள் டெர்மினல் மென்பொருளின் மெனுவில் அது இருக்கும். வி210, வி240, வி440 போன்ற சர்வர்களில் ஏலோம் என்ற தனி நிர்வாகப் பலகை உண்டு. கன்சோலில் # குறியையும் அடுத்து புள்ளியையும் தட்டினால் அதன் 'எஸ்சி' ப்ராம்ப்ட் வரும். அங்கே 'பிரேக்', அப்புறம் 'கன்சோல்' என்று கொடுங்கள்.

எதுவும் நடக்கவில்லையா? வி880, இ450 போன்ற பெரிய பெட்டிகளின் முன்பக்கம் சாவித் துளை இருக்கும். அது பூட்டிய நிலையில் இருந்தால் பிரேக் வேலை செய்யாது. அல்லது '/ஈடிசி/டிஃபால்ட்/கேபிடி' ஃபைலில் யாராவது பிரேக்கை முடக்கியிருப்பார்கள். அப்போது மட்டும்தான் பவரை அணைத்துப் போட வேண்டிவரும். இயந்திரம் எழும்போது, சொலாரிஸ் ஏறுவதற்கு முன்பே ஸ்டாப், ஏ விசைகளை அழுத்திவிடுங்கள்.

ஓகே ப்ராம்ப்ட் வந்துவிட்டது என்றால் சொலாரிஸ் உறைந்து நிற்கிறது, இன்னும் இறங்கவில்லை. 'கோ' என்று தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். தவறான பெட்டியில் பிரேக் கொடுத்துவிட்டால் உங்களைக் காப்பாற்றும் சொல் அதுதான். பழைய சன்களில் சீரியல் டெர்மினலை அணைத்தாலே அதை பிரேக் என்று எடுத்துக்கொண்டு இயந்திரம் நின்றுவிடுவதுண்டு. அங்கேயும் 'கோ' போதும்.

சரியான பெட்டிதான் என்றால் இப்போது 'சிங்க்' என்று தட்டுங்கள். திரையில் பேனிக் என்று செய்தி ஓடும், பயப்பட வேண்டாம். நினைவகத்தில் எழுதாமல் நிற்கும் தரவை டிஸ்கில் எழுதிவிட்டு இயந்திரம் தானே மீண்டும் எழும். எழும்போது மறுபடி ஸ்டாப், ஏ அழுத்தி ஓகேயில் நிறுத்துங்கள். இந்த ஒரு படியைத் தவிர்ப்பதால்தான் பின்னால் ஃபைல் சிஸ்டம் பிழைகள் வருகின்றன.

சிடியிலிருந்து எழுப்புவது

'பூட் -எஸ்' கொடுத்து ஒற்றைப் பயனர் நிலைக்குப் போனால் போதாதா என்று தோன்றும். சொலாரிஸ் அங்கேயும் ரூட் கடவுச்சொல் கேட்கும். அதற்கு முந்தைய சன்ஓஎஸ் 4-இல் '/ஈடிசி/டிடிஒய்டேப்' ஃபைலில் கன்சோல் 'செக்யூர்' என்று குறிக்கப்பட்டிருந்தால் கேட்காமல் விட்டுவிடும். சொலாரிஸ் வழக்கமாக அப்படி விடாது, சிடி வேண்டும்.

இயந்திரத்தில் இருக்கும் அதே பதிப்பின் நிறுவல் சிடியை, அதாவது சாஃப்ட்வேர் 1 என்ற வட்டை அல்லது டிவிடியை, போட்டுவிட்டு:

பூட் சிடிரோம் -எஸ்

சிடியிலிருந்து ஒரு சிறிய சொலாரிஸ் எழுந்து, கடவுச்சொல் கேட்காமல் # ப்ராம்ப்டைத் தரும். பழைய ஸ்பார்க்கில் வெளியிலிருந்து வாங்கிய சிடி டிரைவை மாட்டினால் எழாமல் போகலாம். 512 பைட் பிளாக் அளவில் படிக்கத் தெரிந்த டிரைவ்தான் அங்கே வேலை செய்யும். சிடி டிரைவே இல்லாவிட்டால், நெட்வொர்க்கில் ஜம்ப்ஸ்டார்ட் சர்வர் அமைத்து 'பூட் நெட் -எஸ்' கொடுக்கலாம். சொலாரிஸ் 10-இன் 2008 அக்டோபர் வெளியீடு அல்லது அதற்குப் பிந்தையது என்றால் சிடியே தேவையில்லை. 'பூட் -எஃப் ஃபெயில்சேஃப்' (இந்த எஃப் மட்டும் பெரிய எழுத்து) கொடுத்தால் அதுவே டிஸ்கைத் தேடி '/ஏ' என்ற இடத்தில் மவுண்ட் செய்யட்டுமா, அதாவது இணைத்துக் காட்டட்டுமா, என்று கேட்கும்.

டிஸ்கைக் கழற்றி வேறு இயந்திரத்தில் மாட்டுவதும் ஒரு வழி, ஆனால் அதுவும் ஸ்பார்க்காக இருக்க வேண்டும். இன்டெல் சொலாரிஸில் பைட் வரிசை வேறு, அதனால் ஸ்பார்க்கில் உருவான யுஎஃப்எஸ் (சொலாரிஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டம்) அங்கே மவுண்ட் ஆகாது.

சரிபார்த்து, மவுண்ட் செய்து, திருத்துவது

ரூட் எந்த டிஸ்க் என்று குறித்து வைக்க முடியாமல் போயிருந்தால் 'ஃபார்மட்' கட்டளை எல்லா டிஸ்குகளையும் பட்டியலிடும். பட்டியலைப் பார்த்ததும் கன்ட்ரோல்-சி அழுத்தி வெளியேறுங்கள். பெயருக்கு ஏற்ற கட்டளைதான் அது, உள்ளே எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். அல்ட்ரா 5, அல்ட்ரா 10 வகைகளில் முதல் ஐடிஇ டிஸ்க் பெரும்பாலும் 'சி0டி0டி0', ரூட் அதன் 0-ஆவது ஸ்லைஸில் இருக்கும்.

மவுண்ட் செய்யும் முன் ஃபைல் சிஸ்டத்தைச் சரிபாருங்கள். இதற்கு மூல டிஸ்கின் (ரா டிவைஸ்) பெயரைக் கொடுக்க வேண்டும், அதனால் பாதையில் 'டிஎஸ்கே'-வுக்கு முன்னால் ஓர் 'ஆர்' சேரும்:

எஃப்எஸ்சிகே /டெவ்/ஆர்டிஎஸ்கே/சி0டி0டி0எஸ்0

பிழை எதுவும் இல்லாவிட்டால், அல்லது சரிசெய்து முடிந்த பிறகு:

மவுண்ட் /டெவ்/டிஎஸ்கே/சி0டி0டி0எஸ்0 /ஏ

'எல்எஸ் /ஏ/ஈடிசி' கொடுத்து, நீங்கள் தேடிய டிஸ்க்தானா என்று பாருங்கள். 'கேட் /ஏ/ஈடிசி/நோட்நேம்' இயந்திரத்தின் பெயரைக் காட்டும். விஎஃப்எஸ்டேப் ஃபைலை முன்பே படிக்க முடியாமல் போயிருந்தால் இப்போதாவது படித்துவிடுங்கள். அதில் எம்டி என்று இருந்தால் எதையும் எழுதாமல் 'யூமவுண்ட் /ஏ' கொடுத்து வெளியே வந்துவிடுங்கள்.

விஐ எடிட்டர் சிடி சூழலில் சில நேரம் திரையைக் குழப்பும். சீரியல் கன்சோலில் இருந்தால் 'டெர்ம்=விடி100' என்றும், அடுத்த வரியில் 'எக்ஸ்போர்ட் டெர்ம்' என்றும் கொடுங்கள் (டெர்ம் இரண்டு இடத்திலும் பெரிய எழுத்தில், விடி100 சிறிய எழுத்தில்). சன் திரையில் விடி100-க்குப் பதில் 'சன்'. பிறகு நகல் எடுத்துவிட்டுத் திறங்கள்:

சிபி -பி /ஏ/ஈடிசி/ஷேடோ /ஏ/ஈடிசி/ஷேடோ.பழையது (நகலுக்கு நீங்கள் விரும்பும் ஆங்கிலப் பெயர்)

விஐ /ஏ/ஈடிசி/ஷேடோ

முதல் வரி ரூட்டுடையது. முதல் முக்காற்புள்ளிக்கும் இரண்டாவது முக்காற்புள்ளிக்கும் நடுவில் இருப்பதுதான் ஹாஷ். பலரும் சொல்லித்தருவது அதை அழித்து வெறுமையாக்குவது: கர்சரை ஹாஷின் முதல் எழுத்தில் வைத்து, அடுத்த முக்காற்புள்ளி வரும்வரை எக்ஸ் விசையை அழுத்துவது. முக்காற்புள்ளி ஒன்றைக்கூட அழித்துவிடக் கூடாது. அழிந்துவிட்டால் சேமிக்காமல் ':க்யூ!' கொடுத்து வெளியேறி மறுபடி தொடங்குங்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்த வழி ஒன்று உண்டு. அதே ஃபைலில் உங்கள் சொந்தக் கணக்கின் வரியும் இருக்கும், அந்தக் கடவுச்சொல் உங்களுக்குத் தெரியும். அந்த ஹாஷைக் கவனமாக எடுத்து ரூட் வரியில் அதே இடத்தில் வையுங்கள். உங்கள் கடவுச்சொல்லே தற்காலிகமாக ரூட்டுக்கும் கடவுச்சொல் ஆகிவிடும். ஒரு நிமிடம்கூட ரூட் கணக்கு திறந்து கிடக்காது. வெறுமையாக விடுவதென்றால் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். கன்சோல் கட்டுப்பாடு தொலைவிலிருந்து நேராக ரூட்டாக நுழைவதைத் தடுத்தாலும், சாதாரணக் கணக்கில் நுழைந்தவர் 'எஸ்யூ' கொடுப்பதை அது தடுக்காது.

ஷேடோ ஃபைல் வெறும் படிக்கும் அனுமதியோடு இருப்பதால் சேமிக்க ஆச்சரியக்குறியும் வேண்டும்: ':டபிள்யூக்யூ!'. முடிந்ததும்:

சிடி /
யூமவுண்ட் /ஏ
ரீபூட்

யூமவுண்ட் கட்டளையின் எழுத்துக்கூட்டலில் யூ-வுக்கும் எம்முக்கும் நடுவில் 'என்' கிடையாது. 'பிஸி' என்று மறுத்தால் நீங்கள் இன்னும் '/ஏ'-க்குள் நிற்கிறீர்கள்.

எழுந்த பிறகு

கன்சோலில் ரூட்டாக நுழையுங்கள். வெறுமையாக விட்டிருந்தால் பெரும்பாலும் நுழையும்போதே புதிய கடவுச்சொல்லைக் கேட்கும். இல்லாவிட்டால் 'பாஸ்வேர்டு -ஆர் ஃபைல்ஸ் ரூட்' கொடுங்கள். கணக்குகளை நெட்வொர்க்கில் ஒரே இடத்தில் வைக்கும் என்ஐஎஸ் அல்லது எல்டாப் இணைந்த இயந்திரத்தில், உள்ளூர் ஃபைலில்தான் மாற்ற வேண்டும் என்பதை அந்த '-ஆர் ஃபைல்ஸ்' தெளிவாகச் சொல்லிவிடும். பிறகு இன்னொரு சாளரத்தில் சாதாரணப் பயனராக நுழைந்து 'எஸ்யூ' கொடுத்துப் பாருங்கள். அது வேலை செய்வதைப் பார்க்கும்வரை கன்சோலில் இருக்கும் ரூட் அமர்வை மூடாதீர்கள். கடைசியில் ஷேடோ நகலை அழித்துவிடுங்கள், அதில் எல்லோருடைய ஹாஷும் இருக்கிறது.

வி210, வி240-இல் ஏலோம் கடவுச்சொல்லும் தெரியாமல் இருந்தால், ரூட் கிடைத்த கையோடு அதையும் மாற்றிவிடலாம். 'எஸ்சிஏடிஎம்' என்ற கட்டளையில் 'யூசர்பாஸ்வேர்டு அட்மின்' என்று கொடுங்கள்.

மிரர் டிஸ்க் என்றால்

பாதி வழியில் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுகிறார்கள். டிஸ்க்ஸூட் அல்லது சொலாரிஸ் வால்யூம் மேனேஜர் இரண்டு டிஸ்குகளை ஒன்றாகக் காட்டுகிறது. சிடியிலிருந்து எழுந்து ஒரு டிஸ்கை மட்டும் மவுண்ட் செய்து திருத்தினால் இரண்டும் வேறுபட்டுவிடும். ஆனால் அது மிரருக்குத் தெரியாது. திரும்ப எழுந்ததும் ஒரு பிளாக்கை இந்த டிஸ்கிலிருந்தும் அடுத்ததை அந்த டிஸ்கிலிருந்தும் படிக்கும். கடவுச்சொல் ஒரு முறை வேலை செய்யும், மறுமுறை செய்யாது. அது பரவாயில்லை, ஃபைல் சிஸ்டமே குலைந்துபோகலாம்.

சொலாரிஸ் 10-இல் மிரரையே உயிர்ப்பித்துவிடலாம். ஒரு டிஸ்கைப் படிக்க மட்டும், அதாவது 'மவுண்ட் -ஓ ஆர்ஓ' என்று, '/ஏ'-வில் மவுண்ட் செய்யுங்கள். '/ஏ/கெர்னல்/டிஆர்வி/எம்டி.கான்ஃப்' ஃபைலை '/கெர்னல்/டிஆர்வி'-க்கு நகலெடுத்துவிட்டு யூமவுண்ட் செய்யுங்கள். பிறகு 'அப்டேட்_டிஆர்வி -எஃப் எம்டி'. சில எச்சரிக்கைகள் வரும், விட்டுவிடுங்கள். 'மெட்டாசிங்க் டி0' கொடுத்து ஒத்திசைத்த பின் '/டெவ்/எம்டி/டிஎஸ்கே/டி0'-ஐ '/ஏ'-வில் மவுண்ட் செய்து மேலே சொன்னபடி திருத்துங்கள். இங்கே டி0 என்பது மிரரின் பெயர், உங்கள் விஎஃப்எஸ்டேப்பில் இருக்கும் பெயரைப் போடுங்கள்.

சொலாரிஸ் 8-இன் சிடியில் இந்த வசதி இல்லை. அங்கே ஒரு டிஸ்கை மவுண்ட் செய்து, ஷேடோவோடு சேர்த்து விஎஃப்எஸ்டேப்பில் ரூட் வரியை நேரடி டிஸ்கின் பெயருக்கு மாற்றுங்கள். '/ஏ/ஈடிசி/சிஸ்டம்' ஃபைலில் ரூட்டை எம்டி என்று சொல்லும் 'ரூட்டெவ்' வரியையும் எடுத்துவிடுங்கள். அந்த டிஸ்கிலிருந்து எழுப்பி, மற்ற டிஸ்கை 'மெட்டாடிடாச்' செய்து, 'மெட்டாரூட் டி0' கொடுத்து ரீபூட் செய்த பின் 'மெட்டாஅட்டாச்' (இதன் எழுத்துக்கூட்டலில் 'மெட்'டுக்கு அடுத்து ஒரே ஒரு 'ஏ'தான்). இரண்டாவது டிஸ்கில் இருப்பதெல்லாம் முதல் டிஸ்கிலிருந்து புதிதாக நகலாகும். நேரம் பிடிக்கும், ஆனால் இதுதான் பாதுகாப்பான வழி.

ரூட், சொலாரிஸ் 10-இன் புதிய ஃபைல் சிஸ்டமான ஸெட்எஃப்எஸ்ஸில் இருந்தால் மிரர் கவலை இல்லை. 'ஸெட்பூல் இம்போர்ட் -எஃப் -ஆர் /ஏ ஆர்பூல்' (இந்த ஆர் பெரிய எழுத்து, எஃப் சிறியது) கொடுத்து, 'ஸெட்எஃப்எஸ் லிஸ்ட்' காட்டும் 'ஆர்பூல்/ரூட்/' எனத் தொடங்கும் தொகுதியை 'ஸெட்எஃப்எஸ் மவுண்ட்' செய்யுங்கள். அந்தப் பாதையில் வரும் ரூட் என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கும். மிச்சமெல்லாம் அதே வேலைதான், ரீபூட் செய்யும் முன் 'ஸெட்பூல் எக்ஸ்போர்ட் ஆர்பூல்' கொடுக்க மறக்காதீர்கள்.

ஓகே ப்ராம்ப்டே கடவுச்சொல் கேட்டால்

ஓபன்பூட்டில் 'செக்யூரிட்டி-மோட்' என்ற அமைப்பு இருக்கிறது. 'நன்' என்றால் பூட்டு இல்லை. 'கமாண்ட்' என்றால் வெறும் 'பூட்', 'கோ' தவிர மற்றதற்கெல்லாம் கடவுச்சொல் வேண்டும், சிடியிலிருந்து எழுப்பவும் வேண்டும். 'ஃபுல்' என்றால் 'கோ' ஒன்றுதான் இலவசம். ஸ்டாப், என் விசைகளை அழுத்தி எழுப்பினாலும் இந்தப் பூட்டு போகாது.

ரூட் கடவுச்சொல் தெரிந்து ஓபன்பூட் கடவுச்சொல் மட்டும் தெரியாவிட்டால் 'ஈஈப்ராம் செக்யூரிட்டி-மோட்=நன்' என்ற கட்டளையில் தீர்ந்துவிடும். இரண்டுமே தெரியாவிட்டால் டிஸ்கைக் கழற்றி இன்னொரு ஸ்பார்க்கில் இரண்டாவது டிஸ்காக மாட்டி, ஷேடோவைத் திருத்திவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். 'கமாண்ட்' நிலையில் வெறும் 'பூட்' அனுமதி உண்டு என்பதால் இயந்திரம் தன் டிஸ்கிலிருந்து எழும். எழுந்ததும் ரூட்டாக நுழைந்து அந்த ஈஈப்ராம் கட்டளையைக் கொடுத்துவிடலாம். 'ஃபுல்' நிலையில் அதற்கும் வழியில்லை, இந்த அமைப்புகளைச் சேமித்து வைக்கும் என்விராம் சிப்பைத்தான் மாற்ற வேண்டும். பழைய ஸ்பார்க்குகளில் இயந்திரத்தின் ஹோஸ்ட் ஐடியும் ஈதர்நெட் முகவரியும் அந்தச் சிப்பில்தான் இருக்கின்றன, உரிமம் பெற்ற மென்பொருள்கள் பல அந்த ஹோஸ்ட் ஐடியைப் பார்த்துத்தான் ஓடும். எனவே சிப்பைத் தொடும் முன் இயந்திரம் எழும்போது பேனரில் காட்டும் அந்த இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள், புதிய சிப்பில் அவற்றையேதான் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும்.